என்னா கலரு?

மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஆன்ட்டி உடைந்த பீங்கான் துண்டுகளை நாக்கால் நக்கிப் பார்ப்பார்.

தன் வீட்டில் உடைந்ததை மட்டும் என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, சாப்பாட்டுக் கடைகளின் பின்புறம், குப்பை கொட்டும் இடம் ஒன்று இருந்தது. மீன் செதிலும் எலும்பும் அழுகிய கறிவேப்பிலையும் கிடக்கும் அந்த இடத்தில் குனிந்து, ஒரு கோப்பையின் விளிம்பையோ கைப்பிடியையோ எடுப்பார். ஹவுஸ்கோட்டில் இரண்டு தேய்ப்பு. பிறகு நாக்கு நுனி. பிறகு அதை வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிடித்துவிட்டால் பைக்குள் போகும். பிடிக்காவிட்டால் கிடந்த இடத்துக்கே போகும். அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பி மெல்லத் துப்புவார், கிராம்பு மென்று முடித்தவரைப் போல.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்ததும் இப்படித்தான். கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக முடியவில்லை. மேல்மாடி அறை வாடகைக்கு இருக்கிறது என்று யாரோ சொல்லி அந்த வீட்டைத் தேடிப் போனபோது, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வாசலுக்கு முன்னால் இருந்த கழிவுநீர்க் கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஒரு பச்சைத் துண்டு.

"ரூம் பாக்க வந்த புள்ளையா? கொஞ்சம் இரும்மா" என்றார். நக்கினார். பார்த்தார். என் முகம் போன போக்கைக் கண்டுவிட்டார் போலும். "காஞ்சு கெடக்கையில எல்லாமே சாம்பல் நெறந்தான். ஈரமானாத்தான் அதோட சொந்த நெறம் வெளிய வரும்" என்று விளக்கமும் தந்தார்.

அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மாடிக்குத் தனி வாசல் இருந்தது. கடைக்கு ஒரே பஸ். ஒரு பெண் தனியாகக் குடியிருப்பதைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்காத வீடு. அந்த மாதமே குடி வந்தேன். மூன்று வருஷம் இருந்தேன்.

கீழே கார் நிறுத்தும் கொட்டகைதான் அவருடைய வேலைத்தலம். கார் எப்போதோ விற்றாகிவிட்டது. கணவரும் எப்போதோ போய்விட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். கொட்டகையின் சுவரோரம் வாளி வாளியாகப் பீங்கான் துண்டுகள், நிறம் பிரித்து வைத்திருப்பார். வெள்ளைக்கு மட்டும் ஐந்து வாளி. "வெள்ளையில எத்தன வெள்ளை இருக்கு தெரியுமா?" என்பார். ஒரு குறடு, ஒரு சுத்தியல், ஓடுகள் பதிக்கும் பசை, இடுக்குகளை நிரப்பும் சாந்து. பூச்சாடி, கண்ணாடிச் சட்டம், மேசை, மாடிப்படி, குளியலறைச் சுவர் என்று அவர் கைபடாத இடம் அந்த வீட்டில் இல்லை. வாசற்படியில் தாமரைக் குளம். சமையலறைச் சுவரில் மகாவலியும் பாலமும். ஆற்றுத் தண்ணீர் முழுக்கத் தேநீர்க் கறை ஏறிய பழைய கோப்பைகளின் உட்பக்கம். மழைக்காலத்து மகாவலி சரியாக அந்த நிறத்தில்தான் போகும்.

அழகாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொல்கிறவளாகிவிடுவேன். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நானும் சில காலை நேரங்களில், கையில் தேநீரோடு, அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு அந்தக் கோப்பைகளில் எத்தனை வாய்கள் பட்டிருக்கும், கடைசியில் அவருடைய நாக்கும் பட்டிருக்குமே என்று நினைப்பு வரும். தேநீர் இறங்காது.

அவர் கை நகங்களுக்குள் எப்போதும் சாந்து இறுகியிருக்கும். அந்தக் கையாலேயே சோறு பிசைவார். அந்தக் கையாலேயே எனக்கு வடை நீட்டுவார். "சாப்பிடும்மா, ஒண்ணும் செய்யாது." நான் வாங்கி மாடிக்குக் கொண்டுபோய்க் காக்கைக்குப் போடுவேன்.

ஒருநாள் காலை மாடியில் என் கையிலிருந்து தேநீர்ச் சாடியின் மூடி நழுவித் தரையில் சிதறியது. சத்தம் அடங்கக்கூட இல்லை, கீழேயிருந்து குரல் வந்தது.

"என்னா உடைஞ்சுச்சு? என்னா கலரு?"

காலில் குத்தியதா, கை வெட்டியதா என்று கேட்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் படியில் அவர் காலடி. கதவைத் தட்டி உள்ளே வந்து, என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, தரையில் முழங்காலிட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். என் பெருவிரலில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. ஒரு துண்டில் அது பட்டிருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்து, "கழுவினா போயிரும்" என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு ராத்தா இருந்தார். அறுபது வயது, வாய் நிறையச் சிரிப்பு, கண்டி முஸ்லிம் குடும்பம். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, முகம் கழுவும் பேசினும் உடைந்து, கையும் உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்று நான் பார்க்கப் போனேன். ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"ஒங்கட வீட்டுக்காரி வந்துட்டுப் போனா மகள்" என்றார். "என்ட கையப் பாக்க வந்தாண்டு நெனச்சன். பேசினப் பாக்க வந்தீக்கிறா. ரெண்டு பேக் நெறயக் கொண்டு போய்ட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

சிரிப்பு நின்றுபோனது அதே வீட்டில்தான். ராத்தாவின் கண்ணாடி அலுமாரியில் நீலப் பூப்போட்ட, பல பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் பீங்கான் ஒன்று இருந்தது. அவருடைய உம்மா கலியாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. ஆன்ட்டிக்கு அதன்மேல் கண். "அந்த நீலத்துக்கு நான் எங்கெல்லாம் அலைஞ்சிட்டேன் தெரியுமா" என்று என்னிடமே இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார். ராத்தாவிடம் கேட்டும் பார்த்தார். ராத்தா, "அது உம்மாட சாமான், குடுக்கேலா" என்று சொல்லிவிட்டார்.

பெருநாள் அன்று எங்கள் இருவரையும் ராத்தா சாப்பிடக் கூப்பிட்டார். அந்தப் பீங்கானையும் வெளியே எடுத்து இனிப்பு வட்டிலப்பத்தை அதில் வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் ஆன்ட்டி உதவிக்கு எழுந்தார். வேண்டாம் வேண்டாம் என்று ராத்தா சொல்லச் சொல்ல, பீங்கானை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். நான் அவருக்குப் பின்னால் தம்ளர்களோடு போய்க்கொண்டிருந்தேன். அதனால் பார்த்தேன். கை வழுக்கவில்லை. கால் இடறவில்லை. சமையலறைக் கதவருகே நின்றார். இரண்டு கை விரல்களையும் மெதுவாக விரித்தார். அவ்வளவுதான்.

"ஐயையோ, கை தவறிருச்சே!"

ராத்தா ஓடி வந்தார். அடுப்பங்கரைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆன்ட்டி அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குரல் முடிவதற்குள் இடுப்பிலிருந்து ஒரு துணிப்பை வெளியே வந்துவிட்டது. பெருநாள் சாப்பாட்டுக்கு யாராவது மடித்த துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்களா?

திரும்பி வரும்போது கேட்டேன். "ஆன்ட்டி, நீங்க வேணும்னுதானே போட்டீங்க?"

அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எங்க அப்பாவுக்கு டவுன்ல பீங்கான் கடை. சின்னதுல இருந்து முழுசு முழுசா அடுக்கி வச்சதையே பாத்துப் பாத்து அலுத்துப் போச்சும்மா. அலுமாரிக்குள்ள இருந்து என்னா பிரயோசனம்? பாரு, அந்த நீலம் இப்ப எங்க வரப் போகுதுன்னு."

அது ஒரு மீன்கொத்தியின் முதுகில் வந்தது. அந்தக் கண்ணாடிச் சட்டத்தை ராத்தாவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். ராத்தா அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு இல்லை. அன்றைக்கே நான் வேறு அறை தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. அடுத்து நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இதையும் சொல்கிறேன்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. கலஹாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயத்தை மூடிவிட்டது. அந்த லயத்தில்தான் என் சிநேகிதி பரமேஸ் இருந்தாள். புசல்லாவையில் நானும் அவளும் ஒரே வகுப்பு, உட்கார்ந்ததும் ஒரே வாங்கு. அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கணவனுக்குத் துணையாக இருந்ததால் தப்பினாள். மாமியாரும் மகளும் வீட்டில். மகளுக்கு ஐந்து வயது. கவி என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் சேர்த்த உடுப்பு, பால்மா, பாய் எல்லாவற்றையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஆன்ட்டி வாசலில் நின்றார். "நானும் வர்றேம்மா. வீட்டுல உக்காந்திருக்க மனசு கேக்கல." கையில் இரண்டு பெட்டி பிஸ்கட். கக்கத்தில் மடித்த உரச் சாக்குகள். அவற்றுக்குள்ளும் உடுப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மக்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பரமேஸ் ஒரு வகுப்பறை மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. என் கையைப் பிடித்து, "ஒரு போட்டோகூட இல்லடி" என்றாள். "எல்லாம் அந்தப் போன்லதான் இருந்துச்சு. அவ மொகம் மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வேன் புறப்படும் நேரம் ஆன்ட்டியைக் காணோம். பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு மேலே போனார் என்று ஒரு பெண் சொன்னாள். நான் ஏறிப் போனேன். மலையின் ஒரு பக்கம் தோல் உரித்ததுபோலச் சிவப்பாக இருந்தது. கயிறு கட்டி உள்ளே போகக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், கணுக்கால் வரை சேற்றில், ஆன்ட்டி குனிந்திருந்தார். இரண்டு சாக்கு நிறைந்து நின்றன. மூன்றாவது வாய் திறந்து கிடந்தது.

அந்த மண்ணின் வாசனையை நான் சொல்ல மாட்டேன். அங்கே நாலு நாளைக்கு முன்னால்தான் ஆட்களைத் தோண்டி எடுத்திருந்தார்கள்.

"இங்க வா, இங்க வா" என்று கையைக் காட்டினார். முகம் பிரகாசமாக இருந்தது. விரலால் சேற்றை வழித்து, கையிலிருந்த துண்டை நாக்கில் வைத்தார். பற்களில் செம்மண். "மஞ்சள் பாரு! இந்த மஞ்சள் எந்தக் கடையிலயும் கெடைக்காதும்மா."

நான் தேயிலைச் செடிக்குள் திரும்பி வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "வெறும் வயித்துல வந்திருப்ப" என்றார்.

கத்தியிருக்க வேண்டும். சாக்கைக் கவிழ்த்திருக்க வேண்டும். கீழே ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு வந்தவர் இவர் என்று அவர்களுக்குத் தெரியும். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சத்தில், சீக்கிரம் அங்கிருந்து போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஒரு சாக்கை அவர் தூக்கினார், ஒன்றை இழுத்தார். மற்றதை நான் தூக்கினேன். வேன்காரர் "என்னா இது?" என்றபோது, "பழைய உடுப்பு, திருப்பிக் குடுத்துட்டாங்க" என்று சொன்னதும் நான்தான்.

அதற்குப் பிறகு பல மாதம் கொட்டகையில் குறடு 'கடக் கடக்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. ஆறடி நீளப் பலகையில் அவர் அந்த மலையைச் செய்தார். தேயிலைச் சரிவு, நடுவில் ஒரு லயம், ஒவ்வொரு வாசலிலும் ஒரு கோடு நிழல். ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டல்காரர் வந்து பார்த்துவிட்டு, தன் வரவேற்பு மண்டபத்துக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். "அந்த சனங்கள நாலு பேரு நெனைக்கணும்ல. அதுக்குத்தான் செய்றேன்" என்றார் ஆன்ட்டி. நான் கொட்டகைப் பக்கமே திரும்பாமல் மாடி ஏறிவிடுவேன். பரமேஸிடம் எதையும் சொல்லவில்லை.

மரணச் சான்றிதழ் விஷயமாக அவள் கண்டியில் அரசாங்கக் கச்சேரிக்கு வந்தாள். நான் லீவு போட்டு அவளோடு அலைந்தேன். மத்தியானம் சோறு தின்ன வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வெளிப்படியால் நேராக மாடிக்கு ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாலம் தாண்டியதும் மழை கொட்டியது. வாசலுக்குள் ஓடி வந்தோம். பரமேஸ் தலையைத் துவட்டிக்கொண்டே கொட்டகைக்குள் ஒதுங்கிவிட்டாள்.

பலகை சுவரில் சாய்ந்திருந்தது.

"இது எங்க லயம் மாதிரியே இருக்கே" என்றாள்.

ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மாதிரி என்னம்மா, அதேதான். அங்கயிருந்தே எடுத்தது. இவதான் கூட வந்து தூக்கினா."

பரமேஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பலகைக்குக் கிட்டப் போனாள். ஒரு வெள்ளைத் துண்டில் விரலை வைத்தாள். "இது மூணாம் காம்பரா வீட்டுது. சாமிக்குப் படைக்கிற பீங்கான்." விரல் நகர்ந்தது. "இந்த ரோஸ் பூவு கங்காணி ஐயா வீட்டு கோப்ப. அவரு மக கலியாணத்துக்கு வந்தது... இது எங்க மாமி வெத்தல வைக்கிற தட்டு." வாசல் வாசலாகப் போனாள். இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது.

"இரும்மா, இரு, மெதுவாச் சொல்லு" என்று ஆன்ட்டி சீமெந்துப் பைக் கடதாசியைக் கிழித்தார். பென்சிலைத் தேடினார். "எது யாரோடது? அந்த ரோஸ் யாருன்ன?" பரமேஸ் சொல்லச் சொல்ல எழுதினார். கண்கள் மின்னின.

லயத்துக்கு மேலே, மலை முகட்டில், ஒரு மஞ்சள் சூரியன் இருந்தது. பரமேஸின் விரல் அங்கே போனதும் நின்றது. உற்றுப் பார்த்தபோதுதான் நானும் கண்டேன். அது சூரியன் இல்லை. ஒரு சின்னக் கப்பில் அச்சடித்த கோழிக்குஞ்சின் தலை. நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி.

"இது எங்க கவி பாப்பாவோட கப்பு" என்றாள். "நகப் பாலிஷ் எடுத்து இதுக்குப் பொட்டு வச்சா. நான் அடிச்சேன் அவள. பாலிஷக் கொட்டிட்டான்னு."

விரலை அதிலிருந்து எடுக்காமலே ஆன்ட்டியைப் பார்த்தாள்.

"இத எனக்குக் குடுங்கம்மா."

ஆன்ட்டி பென்சிலைக் காதில் செருகினார். "அதுதாம்மா சூரியன். அத எடுத்தா படமே செத்துப் போயிரும். வேற எது வேணும்னாலும் கேளு."

நான் மேசையிலிருந்த உளியை எடுத்தேன். என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. "எது செத்துப் போயிரும் ஆன்ட்டி?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. பலகையில் உளியை வைத்து ஒரு அடி அடித்தேன். பக்கத்துத் துண்டு தெறித்தது.

"ஐயோ, நீ விடு! ஒனக்குத் தெரியாது, சுத்தி உள்ளதெல்லாம் பேந்துரும்." என் கையிலிருந்து உளியைப் பிடுங்கினார். பலகைக்கு முன்னால் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு, எங்கள் இருவரையும் மறந்துவிட்டவரைப் போல, வேலையைத் தொடங்கினார். துண்டைச் சுற்றியிருந்த சாந்தைச் சுரண்டினார். நகத்தால் தோண்டினார். அடியில் மெல்லிய கத்தியை விட்டு நெம்பினார். அரை மணி நேரம் இருக்கும். கீறல் விழாமல், விளிம்பு உடையாமல் அது கழன்று அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. தூசு படிந்திருந்தது.

அவருடைய கை, பழக்கத்தில், வாய்க்குப் போனது.

நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். எலும்பு நோகும்படி பிடித்தேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். என்ன தவறு என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. துண்டை அவர் விரல்களிலிருந்து பிரித்தெடுத்து பரமேஸிடம் கொடுத்தேன்.

பரமேஸ் அதை முந்தானையால் துடைத்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு செய்தாளே ஒன்று, அதை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. ஆன்ட்டியின் அந்தக் கையை, சாந்தும் அழுக்கும் இறுகிய கையை, இரண்டு கைகளாலும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க பொறுக்கலன்னா எனக்கு இதுவும் கெடச்சிருக்காதும்மா. நீங்க நல்லா இருக்கணும்."

அது உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சேற்றில் அவர் இறங்காவிட்டால் அந்தக் குஞ்சின் தலை இன்றைக்கும் மண்ணுக்குள்தான் கிடந்திருக்கும். நானும் நல்லவர்களும் பால்மா கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்போம். தெரிந்திருந்தும் குமட்டல் அடங்கவில்லை. ஏனென்றால் நான் ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்திருந்த பரமேஸின் தலைக்கு மேலால் அவர் பலகையில் விழுந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார்.

"இப்பத்தான் நல்லா இருக்கு" என்றார், தனக்குத்தானே.

மாத முடிவில் அறையைக் காலி செய்தேன். பெட்டியைக் கீழே இறக்கும்போது அவர் வாசலில் நின்றார். "என் மேல கோவமாம்மா?"

"கோவமில்ல ஆன்ட்டி. ஒங்களப் பாத்தா குமட்டுது."

அவர் முகம் மாறவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, குற்றம் சாட்டாமல், ஒரு கணக்கைச் சரிபார்ப்பவரைப் போல, "ஒரு சாக்க நீயுந்தானே தூக்கிட்டு வந்த" என்றார்.

பெட்டியைத் தூக்கினேன். த்ரீவீலில் ஏறிவிட்டேன்.

பரமேஸுக்கு இப்போது வேறு தோட்டத்தில் வீடு கிடைத்திருக்கிறது. துண்டை ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றி விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் ஆன்ட்டியைப் பற்றி விசாரிப்பாள். நான் வாயைத் திறந்தால் தடுத்துவிடுவாள். "அவங்கள ஒண்ணும் சொல்லாத புள்ள" என்பாள். நான் சாக்குத் தூக்கியதைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருஷம் எங்கள் கடையில் வேலை செய்யும் ஒருத்தியின் கலியாண விருந்து அந்த ஆற்றங்கரை ஹோட்டலில் நடந்தது. போகாமல் இருக்க முடியவில்லை. வரவேற்பு மண்டபத்துக்குள் நுழைந்ததும் அது எதிரே இருந்தது. மேலேயிருந்து வெளிச்சம் போட்டிருந்தார்கள். மலையும் லயமும் பளபளவென்று மின்னின. முகட்டில் ஓட்டை அப்படியே இருந்தது. அதைச் சுற்றிப் பித்தளையில் ஒரு வளையம் வேறு.

நான் தமிழில் பேசியதைக் கேட்டு, அங்கே வேலை செய்யும் ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். கண்டி ஒசரிச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். "இதோட கதை தெரியுமா மிஸ்? மண்சரிவுல புள்ளையப் பறிகொடுத்த ஒரு அம்மா, இதப் பாத்ததும் அழுதுகிட்டே வெறுங்கையாலேயே பிச்சு எடுத்தாங்களாம். வெரல்லாம் ரத்தமாம். இதச் செஞ்ச ஆன்ட்டியே வந்து எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. கெஸ்ட்டுக்குச் சொல்லையில எனக்கே அழுக வந்துரும்."

உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது.

"தொட்டுப் பாருங்க மிஸ். எல்லாரும் இதுக்குள்ள வெரல் வச்சுப் பாப்பாங்க."

பார்த்தேன். வளையத்துக்கு உள்ளே விளிம்பெல்லாம் கறுத்துப் போயிருந்தது. வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை தானாகப் போனது. ஓட்டைக்குள் பசை காய்ந்து சொரசொரப்பாக இருந்தது, எத்தனையோ விரல் பட்டு நடுவில் மட்டும் வழுவழுப்பாக. என் சுட்டுவிரல் அதில் சரியாகப் பொருந்தியது. எடுத்துப் பார்த்தபோது நுனியில் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது. யார் யாருடையதோ.